சித்திரக்கூடத்துக்கு இன்னொரு வாசல்

டிக்கெட் கிடைக்காதவர்களையும் ஆம்ஸ்டர்டாம் கலைக்கூடத்துக்குள் அழைத்துச் சென்றது இணையவழி உலா. அதே வழியில் தஞ்சைப் பெரிய கோயிலின் பூட்டிய சுற்றுப்பாதையையும் எல்லோருக்கும் காட்ட முடியும். எப்படி?

2023 பிப்ரவரி 10 அன்று ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்தில் வெர்மீர் கண்காட்சி தொடங்கியது. 17-ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியரான யொஹான்னஸ் வெர்மீர் வரைந்தவையாக இன்று அறியப்படுபவை சுமார் 37 ஓவியங்கள் மட்டுமே. ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான் எனச் சிதறிக் கிடக்கும் அவற்றில் 28 ஓவியங்களை ஒரே கூரையின் கீழ் சேர்த்திருந்தார்கள். திறந்த சில நாட்களிலேயே ஜூன் 4 வரைக்குமான டிக்கெட்டுகள் தீர்ந்துபோயின. பார்வை நேரத்தை நீட்டித்துக் கூடுதலாக டிக்கெட் விட்டார்கள். அதுவும் போதவில்லை. கண்காட்சி முடிந்தபோது பார்த்தவர்கள் கணக்கு சுமார் 6,50,000.

அந்த வரிசையில் இடம் கிடைக்காதவர்களுக்காகவும், ஆம்ஸ்டர்டாம் வரை போக வசதி இல்லாதவர்களுக்காகவும் அதே அருங்காட்சியகம் தன் இணையதளத்தில் வெர்மீர் உலா ஒன்றை வைத்தது. கட்டணம் கிடையாது. ஆங்கிலத்தில் கேட்பவர்களுக்கு நடிகர் ஸ்டீபன் ஃப்ரையின் குரல் கூடவே வரும். ஓவியம் முதலில் முழுதாகத் தெரிகிறது. பிறகு திரை மெல்ல நெருங்கி, ஓரிடத்தில் நின்று, அங்கே வெளிச்சம் எப்படி விழுகிறது என்று காட்டுகிறது. நமக்கு வேண்டுமானால் அங்கேயே நின்று, இன்னும் நெருங்கிப் பார்க்கலாம்.

ஒரு கலைக்கூடத்தை இணையத்தில் ஏற்றுவது என்றதும் பலருக்கும் கேமராதான் நினைவுக்கு வருகிறது. எல்லா ஓவியங்களையும் படமெடுத்து வரிசையாக அடுக்கிவிட்டால் வேலை முடிந்தது என்ற எண்ணம் நம் ஊர் அலுவலகங்களில் வேரூன்றியிருக்கிறது. நல்ல உலாக்களைக் கவனித்தால் வேறொன்று புரியும். பார்வையாளரை எங்கே நிறுத்துவது, எவ்வளவு அருகில் கொண்டுபோவது, அங்கே என்ன சொல்வது, எப்போது பேச்சை நிறுத்திப் பார்க்கவிடுவது என்ற நான்கு முடிவுகளில்தான் உலாவின் உயிர் இருக்கிறது. கேமராவின் வேலை அதற்குப் பிறகுதான் வருகிறது.

முப்பது ஆண்டு முயற்சி

கலைக்கூடத்தைத் திரையில் காட்டும் முயற்சி, இணையம் வீடுகளுக்குப் பரவுவதற்கு முன்பே தொடங்கியது. 1991-இல் லண்டன் நேஷனல் கேலரி, தன் புதிய செயின்ஸ்பரி பகுதியில் 'மைக்ரோ கேலரி' என்ற கணினிக்கூடத்தைத் திறந்தது. வந்தவர்கள் தொடுதிரையில் எந்த ஓவியத்தையும் தேடிப் படிக்கலாம். பிடித்தவற்றைத் தேர்ந்தெடுத்து, அவை தொங்கும் அறைகளுக்கான வழியைத் தாளில் அச்சிட்டு எடுத்துக்கொண்டு நடக்கலாம். 1993-இல் அந்தத் தகவல் தொகுப்பு மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் 'ஆர்ட் கேலரி' என்ற சிடி வடிவில் வீடுகளுக்குப் போனது. 1990-களின் நடுவில் ஆப்பிளின் குயிக்டைம் விஆர் வந்த பிறகு, ஓர் அறையின் நடுவே நின்று சுற்றிலும் திரும்பிப் பார்ப்பது போன்ற அனுபவம் சாதாரணக் கணினியிலும் சாத்தியமானது.

பெரிய பாய்ச்சல் 2011 பிப்ரவரி 1 அன்று நடந்தது. மும்பையில் வளர்ந்த அமித் சூட் தலைமையில் கூகுள் 'ஆர்ட் புராஜெக்ட்' வெளியானது. 9 நாடுகளின் 17 அருங்காட்சியகங்கள் முதல் சுற்றில் சேர்ந்தன. தெருக்களைப் படம்பிடிக்கும் ஸ்ட்ரீட் வியூ கேமராவை ஒரு தள்ளுவண்டியில் பொருத்தி, ஆளில்லாத நேரத்தில் அறை அறையாகத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு அருங்காட்சியகமும் ஓர் ஓவியத்தைத் தேர்ந்தெடுத்து மிக நுட்பமாகப் படமெடுக்க இசைந்தது. நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் வான் கோவின் 'விண்மீன் இரவை'க் கொடுத்தது. ஃபிளாரன்ஸின் உஃபிசி, போத்திசெல்லியின் 'வீனஸின் பிறப்பை'க் கொடுத்தது. 2012 ஏப்ரலில் இத்திட்டம் 40 நாடுகளின் 151 அருங்காட்சியகங்களாக விரிந்தபோது, டெல்லியின் தேசிய அருங்காட்சியகமும் தேசிய நவீனக் கலைக்கூடமும் உள்ளே வந்தன.

அந்த முதல் சுற்றின் அறை நடை இன்றும் ஒரு பாடம். அம்புக்குறியை அழுத்தி அழுத்தி முன்னே போகலாம். பளபளக்கும் தரை, கோணலாகத் தெரியும் சட்டங்கள், படிக்க முடியாத குறிப்பட்டைகள். கட்டடத்தின் பிரமாண்டம் பிடிபட்டது. ஓவியங்கள் கைக்கு எட்டாமலே நின்றன. உலகமே மெச்சியது அந்த 17 நுட்பப் படங்களைத்தான். மூத்த பீட்டர் புரூகல் 1565-இல் வரைந்த 'அறுவடைக்காரர்கள்' ஓவியத்தில், கதிரறுப்பவர்களுக்கு வெகு தொலைவில், சுவரில் பார்த்தால் கண்ணுக்கே தட்டுப்படாத அளவில், ஊர்ப் பொதுவெளியில் சிலர் விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். திரையில் நெருங்கியவர்களுக்கு அவர்கள் கட்டிவைத்த பறவை மீது கழி எறிவது தெரிந்தது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் அந்த ஓவியத்தின் முன்னே நின்ற எத்தனையோ பேருக்கு வாய்க்காத காட்சி அது. நேரில் பார்ப்பதற்கு மாற்றாக இணைய உலா வரவில்லை, நேரில் பார்க்க முடியாததைக் காட்டவே வந்திருக்கிறது என்பது அன்றே தெளிவானது.

71,700 கோடிப் புள்ளிகள்

எவ்வளவு நெருங்கலாம் என்ற கேள்விக்கு இன்றைக்கு எட்டியிருக்கும் உச்சம் ரைக்ஸ்மியூசியத்தின் 'இரவுக் காவல்'. ரெம்பிராண்ட் 1642-இல் முடித்த இந்த ஓவியம் சுமார் 3.8 மீட்டர் உயரம், 4.5 மீட்டர் அகலம். 2019 ஜூலையில், பார்வையாளர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கண்ணாடி அறைக்குள் அதன் ஆய்வும் பாதுகாப்புப் பணியும் தொடங்கின. 2020 மே மாதம், கொரோனா முடக்கத்தில் அருங்காட்சியகம் பூட்டிக் கிடந்தபோது, 528 படங்களை ஒட்டி உருவாக்கிய 4,480 கோடிப் பிக்சல் படத்தை இணையத்தில் திறந்துவிட்டார்கள். 2022 ஜனவரியில் அதையும் தாண்டி, 71,700 கோடிப் பிக்சல் படம் வந்தது. 10 கோடிப் பிக்சல் ஹேசல்பிளாட் கேமராவால் எடுத்த 8,439 படங்களின் தொகுப்பு அது. இரு பிக்சல்களுக்கு இடையே வெறும் 5 மைக்ரோமீட்டர். மனித இரத்தச் சிவப்பணுவைவிடச் சிறிய இடைவெளி. கோப்பின் அளவு 5.6 டெராபைட்.

இவ்வளவு பெரிய கோப்பு ஒரு சாதாரண போனில் எப்படித் திறக்கிறது? இந்தத் துறையின் அழகான பொறியியல் இதில்தான் இருக்கிறது. படத்தைப் பல அளவுகளில் சுருக்கிச் சுருக்கி, படிப்படியாக அடுக்கி வைக்கிறார்கள். உச்சியில் ஓவியம் முழுதும் அடங்கிய சிறு படம். அதன் கீழே இரு மடங்கு பெரியது, அதற்கும் கீழே நான்கு மடங்கு. ஒவ்வொரு அடுக்கையும், உதாரணமாக, பக்கத்துக்கு 256 பிக்சல் கொண்ட சிறு சதுரங்களாக வெட்டிவிடுவார்கள். போன் திரையில் தெரிவது சுமார் 20 லட்சம் பிக்சல்கள்தான். எனவே எந்த இடத்தில் நின்றாலும், எவ்வளவு நெருங்கினாலும், அந்த நேரத்துக்குத் தேவைப்படுவது முப்பது, நாற்பது சதுரங்கள் மட்டுமே. மீதி 71,700 கோடியும் சர்வரில் தூங்கும். கூகுள் மேப்பில் உலகப் படத்திலிருந்து நம் தெருவரை இறங்குவது இதே முறையில்தான்.

2011-இல் தொடங்கிய 'டிரிபிள் ஐ எஃப்' என்ற பொதுத் தரமுறை இதை இன்னும் எளிதாக்கியது. அதைப் பின்பற்றும் நூலகங்கள், அருங்காட்சியகங்களின் படங்களை ஒரே திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். ஒரே ஏட்டின் பிரிந்துபோன பக்கங்கள் இரு நாடுகளில் இருந்தாலும் திரையில் அவற்றை ஒன்றுசேர்க்கலாம்.

அறையைக் கொண்டுவருவது

ஓவியத்தை நெருக்கமாகக் காட்டுவது ஒரு வேலை. அது தொங்கும் அறையைக் காட்டுவது வேறு வேலை. எந்த ஓவியம் எதன் அருகில் இருக்கிறது, எவ்வளவு பெரியது, எந்தப் பக்கத்திலிருந்து வெளிச்சம் வருகிறது என்ற உணர்வு இல்லாவிட்டால் கூடம் என்ற எண்ணமே வராது.

இதற்கு எளிய வழி 360 பாகைப் படம். டிரைபாட் மேல் கேமராவை வைத்து, ஒவ்வொரு திசையிலும் திருப்பிப் படமெடுத்து, கணினியில் ஒட்டுவார்கள். கேமராவைத் திருப்பும் அச்சு லென்ஸுக்குள் ஒளிக்கதிர்கள் குறுக்கிடும் புள்ளியில் அமைய வேண்டும். கொஞ்சம் விலகினாலும் அருகிலுள்ள தூணும் தொலைவிலுள்ள சட்டமும் ஒன்றுக்கொன்று இடம் மாறி, ஒட்டு பிசகிவிடும். ஜன்னலோரம் கண்கூசும் வெளிச்சமும் மூலையில் இருட்டும் இருப்பதால், ஒரே திசையைப் பல வெளிச்ச அளவுகளில் எடுத்து இணைப்பதும் வழக்கம். பிறகு ஒவ்வொரு ஓவியத்தின் மீதும் தொடுபுள்ளி வைத்து, அதைத் தொட்டால் நுட்பப் படமும் குரலும் திறக்கும்படி இணைக்கிறார்கள்.

இன்னொரு வழி ஆழத்தை அளக்கும் கேமராக்கள். அறையின் ஒவ்வொரு சுவரும் எவ்வளவு தூரம் என்று அளந்து முப்பரிமாண மாதிரியை உருவாக்குபவை அவை. கூரையை நீக்கிவிட்டு மேலிருந்து முழு வீட்டையும் பார்ப்பதுபோல் கூடத்தைப் பார்க்கலாம். சிற்பங்களுக்கு வேறு முறை: ஒன்றைச் சுற்றிச் சுற்றி நூற்றுக்கணக்கில் படமெடுத்தால், கணினி அவற்றிலிருந்து வடிவத்தைக் கணித்துவிடும். வெண்கலச் சிலையின் முதுகுப்புறத்தை, சுவரோரம் வைக்கப்பட்ட சிலையில் யாரும் காணாத பின்னழகை, விரலால் திருப்பிப் பார்க்கலாம்.

நிறமும் ஒளியும்

தொழில்நுட்பம் எவ்வளவு வளர்ந்தாலும் புகைப்படக்காரரின் கண்ணுக்கு மாற்று இல்லை. ஓவியத்தின் சிவப்பு திரையிலும் அதே சிவப்பாக வர வேண்டும். இதற்காக 24 நிறக் கட்டங்கள் கொண்ட அட்டையை ஓவியத்தின் அருகே வைத்து முதல் படம் எடுப்பார்கள். அந்த அட்டையின் நிறங்கள் சரியாகும் வரை படத்தைத் திருத்தினால் ஓவியத்தின் நிறமும் சரியாகும். கண்ணாடிக்குள் இருக்கும் ஓவியத்திலும், வார்னிஷ் பூசிய எண்ணெய் ஓவியத்திலும் விளக்கொளி பளீரென்று எதிரடிக்கும். விளக்குகளின் மீதும் லென்ஸின் மீதும் முனைவாக்கும் வடிகட்டிகளைப் பொருத்தி அந்தப் பளபளப்பை நீக்குகிறார்கள்.

ஆனால் பளபளப்பே உயிராக இருக்கும் ஓவியங்களை என்ன செய்வது? தஞ்சாவூர் ஓவியத்தை நினைத்துப் பாருங்கள். புடைத்தெழுந்த சுதை வேலை, அதன்மேல் தங்கத் தகடு, பதித்த கற்கள். நாம் ஓரடி நகர்ந்தால் பிரபாவளி மின்னுகிறது, மறுபடி நகர்ந்தால் அடங்குகிறது. தட்டையான ஒற்றைப் புகைப்படத்தில் தங்கம் மஞ்சள் பூச்சாகச் செத்துக் கிடக்கும். இதற்கு விடை இருக்கிறது. கேமராவை அசைக்காமல், விளக்கை மட்டும் பல கோணங்களில் நகர்த்தி, அடுத்தடுத்துப் படமெடுக்கும் முறை அது. 2001-இல் எச்பி ஆய்வகத்தில் டாம் மால்ஸ்பெண்டர் வகுத்த கணிதத்தை அடித்தளமாகக் கொண்டது. பார்வையாளர் திரையில் விரலை நகர்த்த, ஒளியின் திசை மாறும். புடைப்பும் மேடுபள்ளமும் எழுந்து அடங்கும். தேய்ந்த கல்வெட்டுகளைப் படிக்க உலகெங்கும் இதைப் பயன்படுத்துகிறார்கள். தஞ்சாவூர் ஓவியத்துக்கென்றே பிறந்ததுபோல் இருக்கும் இந்த முறையை நம் கலைக்கூடங்கள் கையிலெடுக்க வேண்டும்.

எங்கே நிறுத்துவது?

கையில் நுட்பமான படம் இருக்கிறது, அறை இருக்கிறது, நிறம் சரியாக இருக்கிறது. உலா இன்னும் தொடங்கவில்லை. தானாகச் சுற்றிப் பார்க்க விட்டால் பெரும்பாலோர் இரண்டு ஓவியங்களைப் புரட்டிவிட்டு வெளியேறிவிடுவார்கள். எல்லாவற்றையும் விளக்கத் தொடங்கினாலும் அதே கதிதான்.

ஹிரோனிமஸ் பாஷ் மறைந்து 500 ஆண்டுகள் நிறைந்த 2016-இல், அவருடைய 'இன்பத் தோட்டம்' ஓவியத்துக்கு நெதர்லாந்தில் உருவாக்கிய இணைய உலா இதற்குச் சிறந்த விடை சொன்னது. மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கும் இந்த மூன்று பலகை ஓவியத்தில் நூற்றுக்கணக்கான உருவங்கள் மொய்க்கின்றன. உலாவில் இரண்டு வழிகள் வைத்தார்கள். ஒன்றில், வழிகாட்டியின் குரல் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அழைத்துச் செல்லும். மற்றதில், நாமே அலையலாம். எங்கே போனாலும் அந்தப் பகுதிக்கேற்ற ஒலி சூழ்ந்துகொள்ளும். சொர்க்கத்திலிருந்து நரகத்தின் பக்கம் நகர நகர ஒலி மாறுவதே ஓவியத்தின் அமைப்பைக் கற்றுக்கொடுத்துவிடும்.

நல்ல கோயில் வழிகாட்டி ஒருவர் இதைத்தான் செய்கிறார். ஆயிரம் சிற்பங்கள் உள்ள மண்டபத்தில் ஏழெட்டுத் தூண்களின் முன்னால் மட்டும் நிறுத்துவார். முதலில் முழுச் சிற்பத்தையும் பார்க்கச் சொல்லிவிட்டு, பிறகு ஒரு நகத்தை, ஒரு சிலம்பைச் சுட்டுவார். பிறகு சற்று விலகி நின்றுகொள்வார். ஓர் அறைக்கு ஆறு முதல் எட்டு நிறுத்தங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு நிமிடத்துக்கு மிகாத குரல், அதன் பின் சில நொடி அமைதி. நல்ல உலாவுக்கு இந்த இலக்கணம் போதும்.

நேரில் நிற்பவருக்குக் கிடைக்காத ஓர் அனுபவத்தையும் திரை தரும். வெர்மீரின் 'பால்காரி' ஓவியத்தை நவீனக் கருவிகளால் ஆய்ந்தபோது, பெண்ணின் தலைக்குப் பின்னால் ஜாடிகள் மாட்டும் பலகை ஒன்றையும், கீழே தணற்கூடை ஒன்றையும் அவர் முதலில் வரைந்து, பிறகு மறைத்துவிட்டது தெரிந்தது. 2022 செப்டம்பரில் இதை ரைக்ஸ்மியூசியம் அறிவித்தது. இதுபோன்ற அடுக்குகளைத் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நடுவே ஒரு கோட்டை விரலால் நகர்த்தினால் ஓவியர் மனம் மாறிய இடத்தையே பார்த்துவிடலாம். வெறுமையான அந்த வெள்ளைச் சுவர் தற்செயலாக அமையவில்லை, வெர்மீர் தேடிக் கண்டது என்று அப்போது நமக்குப் புரிகிறது.

உரிமையும் ஆயுளும்

இரண்டு விஷயங்களைத் தொடக்கத்திலேயே முடிவு செய்யாத உலாக்கள் பாதியில் நிற்கின்றன. முதலாவது காப்புரிமை. இந்தியச் சட்டப்படி வாழ்நாள் முழுதும் ஓவியருக்கும், அதன்பின் 60 ஆண்டுகள் அவர் வாரிசுகளுக்கும் உரிமை உண்டு. 1906-இல் மறைந்த ரவிவர்மாவின் ஓவியங்கள் பொதுச் சொத்து. சோழமண்டல ஓவியர் கிராமத்தை 1966-இல் நிறுவிய கே.சி.எஸ். பணிக்கர் 1977-இல் மறைந்தார். அவர் ஓவியங்களுக்கு 2037 முடியும் வரை அனுமதி தேவை. ஓவியத்தை விலைக்கு வாங்கி வைத்திருக்கும் கூடத்துக்கு அதைப் படமாக வெளியிடும் உரிமை தானாக வந்துவிடாது. கூகுளின் முதல் சுற்றில் உரிமை கிடைக்காத ஓவியங்கள் மங்கலான கறைகளாகத்தான் தெரிந்தன.

இரண்டாவது ஆயுள். ஃபிளாஷ் மென்பொருளுக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31-உடன் முடிந்தபோது, அதை நம்பி உருவாக்கப்பட்ட உலாக்கள் உலகெங்கும் ஊமையாயின. குயிக்டைம் விஆர் அதற்கும் முன்பே போய்விட்டது. மென்பொருள் மாறிக்கொண்டே இருக்கும். மூலப் படங்களையும், குரல் பதிவுகளையும், விளக்க உரைகளையும் சுருக்கப்படாத பொது வடிவங்களில் தனித்தனியே சேமித்து வைத்த நிறுவனங்களால் மட்டுமே உலாவை மறுபடி கட்ட முடிந்தது.

சிறிய கூடம் எப்படித் தொடங்கலாம்?

• முதலில் கதை. எந்த எட்டு ஓவியங்கள், எந்த வரிசை, ஏன் என்று ஒரு தாளில் எழுதுங்கள். கேமராவை அதற்குப் பிறகு வெளியே எடுங்கள்.

• ஓவியத்துக்கு இரு பக்கமும் சம தூரத்தில், 45 பாகையில் இரண்டு விளக்குகள். டிரைபாட் கட்டாயம். நிற அட்டை கட்டாயம்.

• அறைக்கு, சிறு 360 பாகைக் கேமரா போதும். எட்டு அடிக்கு ஒரு நிலை என்று கணக்கு வைத்தால் நடக்கும் உணர்வு வரும்.

• மென்பொருளுக்குச் செலவு வேண்டாம். படங்களை ஒட்ட ஹுகின், 360 பாகைக் காட்சிக்குப் பனெல்லம் அல்லது மார்சிபானோ, நுட்பப் படத்துக்கு ஓப்பன்சீட்ராகன் ஆகிய அனைத்தும் இலவசம்.

• குரல் முக்கியம். ஓவியரே இருந்தால் அவரையே பேசவையுங்கள். ஒவ்வொரு குரலுக்கும் எழுத்து வடிவமும், ஒவ்வொரு படத்துக்கும் பார்வையற்றோர் கேட்டு உணரும் வர்ணனையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

• வெளியிடுமுன், சாதாரண விலை போனில், மொபைல் டேட்டாவில், ஒரு பாட்டியிடமும் ஒரு பத்து வயதுப் பிள்ளையிடமும் கொடுத்துப் பாருங்கள். அவர்கள் எங்கே திணறுகிறார்களோ அங்கே திருத்துங்கள்.

இதையெல்லாம் செய்ய முடியுமா என்று தயங்குபவர்களுக்கு பெங்களூரில் ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. கலை மற்றும் புகைப்பட அருங்காட்சியகமான 'மேப்', கொரோனாவால் கட்டடம் தாமதமானபோது காத்திருக்கவில்லை. 2020 டிசம்பர் 5 அன்று இணையத்தில் முதலில் திறந்தது. கல்லும் சிமென்டுமான கட்டடம் 2023 பிப்ரவரியில்தான் திறந்தது.

பார்ப்பவர் மூச்சே பகையாகும் இடங்கள்

உலகில் சில சித்திரக்கூடங்களுக்கு மனிதர் வருகையே நஞ்சு. பிரான்சின் லாஸ்கோ குகை 1940-இல் கண்டுபிடிக்கப்பட்டது. பார்க்க வந்தவர்களின் மூச்சுக்காற்றும் ஈரப்பதமும் ஓவியங்களின் மேல் பாசி படரவைத்ததால் 1963-இல் பொதுமக்களுக்கு மூடப்பட்டது. இன்று அதை இணையத்திலும், அருகே கட்டிய பிரதிக் குகைகளிலும்தான் பார்க்கலாம். சீனாவின் துன்ஹுவாங் குகைகளில் பல நூற்றாண்டுக் காலப் பௌத்த ஓவியங்கள் இருக்கின்றன. அங்கே தலைவராக இருந்த ஃபான் ஜின்ஷி, சுவர்கள் அழிவதற்குள் ஒவ்வொரு குகையையும் கணினியில் பதிய வேண்டும் என்று பல்லாண்டுக்கு முன்பே வலியுறுத்தினார். 2016-இல் 30 குகைகள் 'டிஜிட்டல் துன்ஹுவாங்' ஆக உலகத்துக்குத் திறந்தன. ஓவியத்தைக் காப்பதும் எல்லோருக்கும் காட்டுவதும் எதிரெதிர் வேலைகள் அல்ல என்பதை அந்தப் பாலைவனக் குகைகள் நிரூபித்தன.

தஞ்சைக்கு எப்போது?

தமிழ்நாட்டின் தலைசிறந்த சித்திரக்கூடம் ஒன்று பூட்டியே இருக்கிறது. தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றி உள்ள குறுகிய பாதையின் சுவர்களில், முதலாம் இராஜராஜன் காலத்துச் சோழ ஓவியங்கள் இருக்கின்றன. மேலே நாயக்கர் கால ஓவியங்கள் தீட்டப்பட்டிருந்ததால் அவை நூற்றாண்டுகளாக மறைந்திருந்தன. 1930-களின் தொடக்கத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எஸ்.கே. கோவிந்தசாமி அவற்றைக் கண்டறிந்தார். பின்னாளில் தொல்லியல் துறை, மேலடுக்கின் நாயக்கர் ஓவியங்களைச் சிதையாமல் பெயர்த்தெடுத்துப் பலகைகளில் பொருத்திக் காட்டியது. ஓரடி பின்வைத்து விலகி நின்று பார்க்கக்கூட இடமில்லாத பாதை அது. பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. ஓவியங்களின் நலனை நினைத்தால் அது சரியான முடிவும்கூட.

ஆனால் இணைய உலாவுக்கு இந்தப் பாதையைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. ஒரே ஒரு நிறுத்தத்தை எண்ணிப் பார்ப்போம். நாயன்மார் சுந்தரரின் கதை தீட்டிய சுவர். முதலில் முழுக் காட்சி. பிறகு அவர் திருமணத்தைத் தடுக்க முதியவர் வேடத்தில் வந்த சிவனிடம் நெருங்குகிறோம். அவர் காட்டும் ஓலை, கூடியிருக்கும் சபை, கல்யாணச் சமையல். இன்னும் மேலே வெள்ளை யானையில் சுந்தரர், குதிரையில் சேரமான் பெருமாள், கயிலைப் பயணம். அங்கே குரல் ஒரே ஒரு செய்தியைச் சொன்னால் போதும்: சேக்கிழார் பெரியபுராணம் பாடியது 12-ஆம் நூற்றாண்டில்; இந்த ஓவியன் அதற்கு நூறாண்டுக்கு முன்பே இந்தக் கதையைச் சுவரில் எழுதிவிட்டான். பள்ளிப் பாடத்தில் படித்த கதையின் இத்தனை பழைய ஓவியச் சாட்சியை ஒரு மாணவி தன் விரலால் நெருங்கிப் பார்ப்பாள். நாயக்கர் ஓவியத்தைச் சோழ ஓவியத்தின்மேல் திரையில் மறுபடி பொருத்தி, கோட்டை நகர்த்தி இரண்டு காலத்தையும் ஒரே சுவரில் காட்டலாம். கருவறைப் பக்கம் கேமரா திரும்ப வேண்டியதே இல்லை. அர்ச்சகர்களையும் பக்தர்களையும் கலந்து எல்லை வகுத்தால் வழிபாட்டின் கண்ணியத்துக்கும் குறைவு வராது.

திருவாரூர் தியாகராசர் கோயிலின் தேவாசிரிய மண்டபத்தைப் பாருங்கள். கூரை முழுக்க முசுகுந்தச் சக்கரவர்த்தியின் கதை வரிசை வரிசையாக ஓடுகிறது. ஒவ்வொரு காட்சிக்கும் ஓவியரே தமிழில் விளக்கம் எழுதி வைத்திருக்கிறார். அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிப்பவர்களுக்கு அந்த எழுத்தைப் படிக்க முடிவதில்லை. திரையில் அந்தக் கூரையை விரித்து வைத்தால், உலாவின் வழியும் வசனமும் தயாராகவே இருக்கின்றன.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். விழுப்புரம் பக்கம் பனைமலையில் பல்லவர் கால உமை, காஞ்சிக் கைலாசநாதர் கோயிலின் சிற்றறைகளில் எஞ்சிய நிறத் துணுக்குகள், புதுக்கோட்டை சித்தன்னவாசலின் தாமரைக் குளம், தஞ்சை, திருவாரூர். ஆயிரம் ஆண்டுத் தமிழ்ச் சுவரோவியத்தின் கதை, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரத்தில் துண்டு துண்டாக இருக்கிறது. அந்தச் சுவர்களை எந்த அரசாலும் ஒரே கட்டடத்துக்குள் கொண்டுவர முடியாது, கொண்டுவரவும் கூடாது. இணையத்தில் மட்டும் அவற்றை ஒரே கூடத்தின் அடுத்தடுத்த அறைகளாக அமைக்கலாம். ஒரு மணி நேரத்தில் பனைமலையிலிருந்து திருவாரூர் வரை நடந்துவிடலாம். அப்படியொரு கூடம் தரையில் இல்லை, இனி உண்டாகவும் போவதில்லை. திரையில் மட்டுமே அது சாத்தியம்.

இதற்கான கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. படமெடுக்கும் திறன் நம் ஊர் இளைஞர்களிடம் இருக்கிறது. ஓவியங்களை வாழ்நாள் முழுதும் படித்த அறிஞர்களும் நம்மிடம் இருக்கிறார்கள். அவர்களின் குரலை இன்றே பதிந்தாக வேண்டும். தொல்லியல் துறையும், கோயில் நிர்வாகமும், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகமும் ஒரே மேசையில் உட்கார்ந்து, முதல் சுற்றுக்கு எட்டே எட்டு நிறுத்தங்களைத் தேர்ந்தெடுத்தால் போதும். எல்லா ஓவியங்களையும் எடுத்து முடித்தபின் தொடங்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். அந்த எட்டைக் கொண்டே, தமிழ்க் குரலில், கட்டணமில்லாமல், சாதாரண போனில் ஓடும் உலா ஒன்று வெளிவரட்டும். சுவர்களில் நிறம் உதிர்ந்துகொண்டிருக்கும் காலத்தில், இந்த வேலைக்கு அடுத்த நிதியாண்டு என்பதே தாமதம்.